கையில் 210 மணி: ஏடிஆரா, ஏர்பஸ்ஸா, வேறு வழியா?

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
தம்பிக்காகக் கேட்கிறேன். சிபிஎல் (வணிக விமானி உரிமம்), இரட்டை எஞ்சின் ஐஆர் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி), ஏடிபிஎல் (ஏர்லைன் கேப்டனுக்கு வேண்டிய உரிமம்) 14 எழுத்துத் தாள் எல்லாம் முடித்துவிட்டான். லாக்புக்கில் 210 மணி பறத்தல், தலையில் 3 லட்சத்து 50 ஆயிரம் மலேசிய வெள்ளி கடன். இப்போது முன்னால் இருப்பது மூன்று வழி.

ஒன்று, கோலாலம்பூர் பக்கத்து சுபாங் விமான நிலையத்தில் ஏடிஆர் 72 (புரொப்பெல்லர் வைத்த பயணி விமானம்) துணை விமானி. டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி) செலவு நிறுவனத்தோடது, பதிலுக்கு 4 வருஷ பாண்டு (முன்னால் விலகினால் பணம் கட்டும் ஒப்பந்தம்). இரண்டு, சொந்தக் காசில் ஏர்பஸ் ஏ320 ஜெட்டின் டைப் ரேட்டிங் எடுத்து வைத்துக்கொண்டு ஜெட் வேலைக்குக் காத்திருப்பது. மூன்று, படித்த பள்ளியிலேயே பயிற்றுநர்.

சித்தப்பா ஹெலிகாப்டர் பக்கம் போகச் சொல்கிறார், ஒரு மாமா அமெரிக்கா என்கிறார். அம்மாவோ, "காத்தாடி வெச்ச பிளேன் வேண்டாம்டா" என்று ஒரே பிடி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுபாங்_15_33:
அக்கா, முதலில் அம்மாவுக்குப் பதில். அந்தக் காத்தாடியைச் சுற்றுவதும் டர்பைன் எஞ்சின்தான், பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடபிள்யூ127. ஜெட்டில் டர்பைன் முன்னால் உள்ள விசிறியைச் சுற்றுகிறது, இதில் கியர்பாக்ஸ் வழியாக புரொப்பெல்லரைச் சுற்றுகிறது. டர்போபுரொப் என்று பெயர், பழைய பிஸ்டன் காலத்துச் சாமான் இல்லை.

இப்போது தம்பி விஷயம். சம்பளத்தையும் யூனிஃபார்மையும் ஒதுக்கிவிட்டு லாக்புக்கை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஏடிபிஎல்லுக்கு ஐகாவோ (ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதியான இணைப்பு 1 கேட்பது மொத்தம் 1,500 மணி. அதற்குள் இரவு 100 மணி, கருவிப் பறத்தல் 75, கிராஸ் கன்ட்ரி (ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகும் பறத்தல்) 200. பிறகு கேப்டனாக 250 மணி, அல்லது கேப்டன் மேற்பார்வையில் கேப்டன் வேலை செய்த 500 மணி. 250-ஐக் கலந்தும் சேர்க்கலாம்: குறைந்தது 70 மணி நேரடிக் கேப்டன், மிச்சம் மேற்பார்வையில்.

அவனுக்கு இன்னும் வேண்டியது 1,290 மணி. ஏடிஆரில் மாதம் 65 மணி என்று அடக்கமாகவே வைத்தாலும் 20 மாதம். சட்டப்படி உச்சம் 28 நாளில் 100, வருஷத்துக்கு 900. ஆக 65 ஒன்றும் பேராசைக் கணக்கில்லை.

அதைவிட முக்கியம் தரையிறக்கம். சுபாங்–பினாங்கு கதவு மூடித் திறக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு நாளில் 4 செக்டர் (ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு செக்டர்) என்றால் இரண்டு அவன் கையில். மாதம் 16 நாள் பறந்தால் 32 தரையிறக்கம். அகலவுடல் விமானத்தில் மூன்று நான்கு பேர் மாறி மாறிப் பறக்கும் நீண்ட தடத்தில், 90 நாளில் 3 தரையிறக்கம் என்ற குறைந்தபட்ச விதியைக் காப்பாற்ற சிமுலேட்டருக்குப் போகிறவர்களும் உண்டு. 210 மணிக்காரனுக்கு எது தேவை என்று நீங்களே பாருங்கள்.

ஜெட்தான்_வேணும்:
சும்மா ஏடிஆர் புராணம் பாடாதீங்க. 275 நாட் வேகம், 25,000 அடிதான் உச்சம். நாலு வருஷம் அதில் உட்கார்ந்தால் கூடப் படித்தவன் ஏ320-இல் சீனியராகியிருப்பான். ஏ320 ரேட்டிங் இருந்தால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் வேலை. சுபாங்கிலும் 2024 ஆகஸ்டிலிருந்து ஜெட் திரும்ப வந்தாச்சு. இனி டர்போபுரொப்புக்கு என்ன மவுசு?

பாயான்_லெப்பாஸ்:
"எங்கே வேண்டுமானாலும்" என்று சொன்ன இடத்தில்தான் பல குடும்பம் வீட்டை அடகு வைத்தது. ஏ320 ரேட்டிங் இருப்பது வேறு, ஏ320 மணி இருப்பது வேறு. ரேட்டட் ஆள் வேண்டும் என்று வரும் விளம்பரத்தை முழுசாகப் படியுங்கள். கீழே "அந்த வகையில் 500 மணி" என்றோ அதற்கு மேலோ ஒரு வரி இருக்கும். ரேட்டிங் மட்டும் வைத்திருப்பவன் அந்த வரியிலேயே விழுந்துவிடுவான்.

அதோடு ரேட்டிங் தானாக நிற்பதில்லை. வருஷா வருஷம் சிமுலேட்டரில் புரொஃபிஷியன்சி செக் (திறன் சோதனை) கொடுக்க வேண்டும். ஐஆரும் அப்படித்தான். வேலை இல்லாத ஆளுக்கு இதெல்லாம் சொந்தச் செலவு. இன்னொன்றைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்: பேஸ் டிரெய்னிங் (நிஜ விமானத்தில் தரையிறக்கப் பயிற்சி) விலையில் சேர்த்தியா? மணி குறைந்தவன் சிமுலேட்டரோடு நிற்க முடியாது, உண்மையான விமானத்தில் தரையிறக்கிக் காட்ட வேண்டும், வழக்கமாக 6 முறை. காலியாக ஒரு ஏ320-ஐ எடுத்துச் சுற்ற எண்ணெய்க் காசு யார் தருவது? மலிவான பேக்கேஜ்களில் இந்த வரி காணாமல் போயிருக்கும்.

ஜெட் என்பதாலேயே இருக்கை பத்திரம் என்றும் இல்லை. மைஏர்லைன் என்ற மலேசிய நிறுவனம் ஏ320-களை வைத்து 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கியது, 2023 அக்டோபர் 12 அன்று நிறுத்தியது. ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஒரு விஷயம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மணியே கேட்காமல் கேடட் திட்டத்தில் (நிறுவனமே புது ஆளைப் பயிற்றி எடுப்பது) நேராக ஏ320-இல் உட்கார வைக்கும் அழைப்பு வந்தால், வேலை உறுதிக் கடிதத்தோடு, போகட்டும். அது வேறு கதை. "ரேட்டிங் எடு, பிறகு பார்க்கலாம்" என்பதற்கு மட்டும் வேண்டாம்.

கணக்கப்பிள்ளை:
விமானம் எனக்கு அவ்வளவு தெரியாது, கடன் தெரியும்.

350,000 வெள்ளி, 6 விழுக்காடு, 15 வருஷம். குறையும் மீதியில் வட்டி என்றால் மாதம் சுமார் 2,950, மொத்தம் கட்டுவது சுமார் 531,600. அதே 6 விழுக்காடு ஃபிளாட் (கடைசிவரை முதல் தொகை முழுதுக்கும் வட்டி) என்றால் வட்டி மட்டும் 315,000, மாதம் 3,694, மொத்தம் 665,000. ஒரே எண்ணைச் சொல்லித்தான் இரண்டையும் விற்பார்கள். கடன் பத்திரத்தில் எது என்று இன்றைக்கே பாருங்கள்.

ஏ320 ரேட்டிங்குக்கு மேலே ஒரு லட்சம் வாங்கினால், குறையும் மீதியிலேயே மாதம் இன்னொரு 840 வெள்ளி. வேலை வரும்வரை அதைக் கட்டப்போவது அக்காவா, அம்மாவின் ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப்பா? படிப்புக் கடனில் பெரும்பாலும் வேலைக்கு முன் சலுகைக் காலம் உண்டு, ஆனால் அந்த மாதங்களிலும் வட்டி ஏறுகிறதா என்று கேளுங்கள். ஏறினால் ஒரு வருஷக் காத்திருப்பு 21,000 வெள்ளி.

ஏடிஆர் சம்பளம் குறைவாக இருந்தாலும் அடுத்த மாதமே வருகிறது என்றால், என் ஓட்டு அதற்கே.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
ஃபிளாட்தான் போட்டிருக்கிறார்கள். இப்போதுதான் பார்த்தேன்.

சரி, அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். டர்போபுரொப் ஓட்டுவது ஆபத்தா? தைவானில் ஒன்று பாலத்தில் இடித்த வீடியோவை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

சுபாங்_15_33:
அந்த விபத்தைத் தம்பி கட்டாயம் படிக்க வேண்டும், பயத்துக்காக இல்லை. 2015 பிப்ரவரி 4, தைப்பே சோங்ஷானிலிருந்து கிளம்பிய டிரான்ஸ்ஏசியா ஜிஇ235, ஏடிஆர் 72-600. இருந்தவர்கள் 58, இறந்தவர்கள் 43.

ஏடிஆரில் ஏடிபிசிஎஸ் என்று ஒரு ஏற்பாடு. டேக்ஆஃப் 90 விழுக்காடு டார்க்கில் (எஞ்சினின் முறுக்கு விசை) நடக்கிறது என்று வையுங்கள். ஒரு எஞ்சின் படுத்தால் மற்றதை 100-க்கு அதுவே ஏற்றும், 2.15 வினாடி கழித்துப் படுத்த பக்கத்து புரொப்பெல்லரை ஃபெதர் செய்யும், அதாவது இதழ்களைக் காற்றுக்கு விளிம்பாகத் திருப்பிவிடும். இல்லையென்றால் அந்தப் புரொப்பெல்லர் நான்கு மீட்டர் அகலத்துக்குக் காற்றில் ஒரு கதவைத் திறந்து பிடித்த மாதிரி இழுக்கும்.

அன்றைக்கு வலது பக்கம் தானாக ஃபெதர் ஆனது. கேப்டன் இழுத்துக் குறைத்தது இடது பக்க லீவரை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினையே அணைத்துவிட்டார்கள். ஆக பாடம் இதுதான்: 400 அடிக்குக் கீழே எதையும் தொடாதே. ரடரால் (வால் சுக்கான்) நேராகப் பிடி, வேகத்தைப் பார். பிறகு இரண்டு பேரும் எந்த எஞ்சின் என்று வாய்விட்டுச் சொல்லி, ஒருவர் லீவரில் கை வைக்க மற்றவர் "சரி" என்ற பிறகே அசை.

2023 ஜனவரி 15, பொக்காராவில் யெட்டி ஏர்லைன்ஸ் ஏடிஆர் 72-500. ஃபிளாப் லீவருக்குப் பதில் புரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் இரண்டு கண்டிஷன் லீவரும் ஃபெதருக்குப் போனது, 72 பேர் போனார்கள். லீவர் பெயரைச் சொல்லி, கண்ணால் பார்த்து, பிறகு நகர்த்தும் பழக்கம் இங்கே சடங்கு இல்லை. இந்தப் பழக்கத்தோடு ஜெட்டுக்கு வரும் துணை விமானியைப் பயிற்சி கேப்டன்களுக்குப் பிடிக்கும்.

அன்றாடச் சிரமமும் சொல்கிறேன். ஏடிஆரில் ஏபியு (நிற்கும்போது மின்சாரம் தரும் சின்ன எஞ்சின்) கிடையாது. நிற்கும்போது வலது புரொப்பெல்லரைப் பிரேக் போட்டுப் பிடித்துக்கொண்டு எஞ்சினை மட்டும் ஓட்டி மின்சாரமும் குளிரும் எடுப்பார்கள். ஹோட்டல் மோட் என்று பெயர். பின்காற்று 10 நாட்டுக்கு மேல் இருந்தால் அது கூடாது, புகை எஞ்சினுக்கே திரும்பும். அப்போது தரை மின்வண்டி வர வேண்டும். வராவிட்டால் மத்தியானம் 2 மணிக்குப் பயணி ஏறும்போது உள்ளே ஸ்டீமில் வைத்த பாவ் மாதிரிதான்.

வானிலை இன்னொன்று. மலாக்கா நீரிணையில் விடியற்காலையில் சுமத்ரா புயல்வரிசை வரும்போது ஜெட்டுக்காரன் மேலே ஏறி இடைவெளி தேடுவான், நீ 17,000 அடியில் ராடாரைச் சாய்த்துச் சாய்த்து வழி தேடுவாய். களைப்பாக இருக்கும், ஆனால் ராடார் வாசிப்பை வேறு எங்கேயும் இவ்வளவு சீக்கிரம் கற்க முடியாது.

ஜெட்தான்_வேணும்:
சரி, ஒத்துக்கறேன், கை நன்றாக வரும். ஆனா வெளிநாட்டுக்காரன் டர்போபுரொப் மணியை மதிப்பானா?

பாயான்_லெப்பாஸ்:
எடையைப் பொறுத்தது. வளைகுடா நிறுவனங்கள் துணை விமானி எடுக்கும்போது பெரும்பாலும் இத்தனை டன்னுக்கு மேற்பட்ட, இரண்டு பேர் ஓட்டும் விமானத்தில் இத்தனை மணி என்று கேட்கும். 20 டன் என்பது அடிக்கடி வரும் கோடு. ஏடிஆர் 72-600-இன் உச்ச எடை 23 டன். தாண்டிவிட்டது.

ட்வின் ஆட்டர் என்ற சின்ன புரொப்பெல்லர் விமானம் இந்த இடத்தில்தான் மாட்டும். அதன் எடை 5,670 கிலோ. அதோடு அது ஒற்றை விமானிக்குச் சான்றளிக்கப்பட்ட வகை. நிறுவனமோ அரசோ இரண்டு பேர் வேண்டும் என்று வைத்தாலும், ஐகாவோ விதிப்படி துணை விமானி மணியில் 50 விழுக்காடு மட்டுமே மேல் உரிமத்துக்குச் சேரலாம். முழுதும் சேர்க்க அரசின் தனி அனுமதி வேண்டும். 1,000 மணி ஓட்டிவிட்டு 500 என்று கேட்டால் நெஞ்சு அடைத்துவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சரவாக் பக்கம் ஆள் எடுக்கிறார்கள் என்று இங்கே அடிக்கடி பேச்சு. அங்கே பறக்கும் மாஸ்விங்ஸ் ஏர்லைனை வாங்க சரவாக் அரசு 2025 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டது, புதுப் பெயர் ஏர்போர்னியோ. அங்கே ஏடிஆரும் உண்டு, பாரியோ, பாக்கெலாலான் மாதிரி குட்டை ஓடுதளங்களுக்கு ட்வின் ஆட்டரும் உண்டு. எந்த இருக்கை என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தீபகற்பத்தில் பிறந்தவருக்கு சபா, சரவாக்கில் வேலை செய்யத் தனி பெர்மிட் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். மலைப் பறத்தல் கற்க அது அருமையான இடம்தான். மணி சேர்க்கப் போகிறவன் மட்டும் கணக்குப் போட்டுவிட்டுப் போகட்டும்.

ரோட்டர்_கெர்தே:
சித்தப்பா சொன்ன ஹெலிகாப்டர் பற்றி. தம்பியிடம் இருப்பது இறக்கை விமான உரிமம், இது தனி உரிமம். தாள்களில் கொஞ்சம் சலுகை கிடைக்கும், பறத்தல் மணியை மறுபடியும் சேர்க்க வேண்டும். ஹெலிகாப்டர் ஒரு மணி வாடகை செஸ்னாவைவிடப் பல மடங்கு. 3 லட்சத்து 50 ஆயிரம் கடனுக்கு மேல் இதையும் ஏற்றுவது புத்தி இல்லை.

முதலிலிருந்தே தொடங்குபவருக்கு மட்டும் இது நல்ல வழி. ஏடிபிஎல்லுக்கு 1,000 மணி போதும். வேலை முக்கியமாக எண்ணெய் மேடைக்கு ஆள் ஏற்றுவது: கெர்தே, கோத்தா பாரு, மிரி. ஏடபிள்யூ139, ஏடபிள்யூ189 போன்ற இரட்டை எஞ்சின், இரண்டு விமானி. தண்ணீரில் கவிழ்ந்த கூண்டிலிருந்து வெளியேறும் பயிற்சி கட்டாயம். இந்த வேலையின் தலையெழுத்து எண்ணெய் விலையில் இருக்கிறது. 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த பீப்பாய் 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனபோது உலகமெங்கும் மேடை ஒப்பந்தங்கள் சுருங்கின. பயணி விமானத்தில் கூட்டம் குறைந்தால் டிக்கெட்டை மலிவாக்குவார்கள். இங்கே மேடையே மூடினால் யாரை ஏற்றுவது?

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
நன்றி அண்ணே, சித்தப்பாவிடம் காட்டுகிறேன். பயிற்றுநர் வேலை? வீட்டுக்குப் பக்கம் இல்லை என்றாலும் பாண்டு இல்லை என்கிறான்.

சுபாங்_15_33:
அதில் ஒரே பெரிய லாபம், மாணவனோடு பறக்கும் மணி முழுதும் கேப்டன் மணி. மேலே சொன்ன 250 அங்கே தானாக நிரம்பும். ஆனால் செஸ்னாவும் பைப்பரும் ஒற்றை எஞ்சின் பிஸ்டன். 1,500 சேர்ந்தாலும் ஏர்லைன் கேட்கும் இரண்டு விமானிக் காக்பிட் அனுபவம் பூஜ்யம். லங்காவியோ மலாக்காவோ, மத்தியானம் மழை கட்டினால் பறத்தல் ரத்து, மணிக்கூலி என்றால் அன்றைக்குச் சம்பளமும் ரத்து. மாதம் 45 மணி கிடைத்தால் 1,290-க்கு 29 மாதம்.

இருக்கை எதுவுமே இல்லாதபோது சும்மா இருப்பதற்கு அது ஆயிரம் மடங்கு மேல். கையில் ஏடிஆர் கடிதம் இருக்கும்போது வேண்டாம்.

சரக்கு விமானமும் சுபாங்கில் உண்டு. இரவு வேலை, பெரும்பாலும் அனுபவம் கேட்பார்கள். தனியார் ஜெட் என்றால் பறப்பதைவிடக் காத்திருப்பது அதிகம், லாக்புக் மெதுவாகத்தான் நிரம்பும். இரண்டும் பிறகு போக வேண்டிய இடம்.

கணக்கப்பிள்ளை:
அமெரிக்கா மாமாவை யாரும் கவனிக்கலையே.

பாயான்_லெப்பாஸ்:
மாமா யூடியூப் பார்த்திருப்பார். அங்கே ரீஜனல் என்பது வேறு வியாபாரம். டிக்கெட் விற்பது பெரிய நிறுவனம், ஓட்டிக் கொடுப்பது சின்ன நிறுவனம். பெரிய நிறுவன விமானிகளின் ஒப்பந்தம் அந்தச் சின்ன ஜெட்டுகளை 76 இருக்கையில் கட்டி வைத்திருக்கிறது. 2009-இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்த பிறகு சட்டம் மாறி, 2013 முதல் ஏர்லைன் துணை விமானிக்கே 1,500 மணி. விமானத்துறைப் பட்டம் இருந்தால் 1,000, ராணுவத்திலிருந்து வந்தால் 750. அதனால்தான் அங்கே எல்லாரும் முதலில் பயிற்றுநர் ஆகிறார்கள். ஆள் கிடைக்காமல் 2022-இல் சில ரீஜனல்களில் முதல் வருஷத் துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் கொடுத்தார்கள். மாமா பார்த்தது அந்த எண்ணாக இருக்கும்.

210 மணியோடு, கிரீன் கார்டு இல்லாமல், அந்தக் கதவைத் தட்டவே முடியாது. நம் ஊரில் 210 மணிக்கு ஏடிஆர் இருக்கை கிடைக்கிறதே, அமெரிக்கப் பையன் அதைக் கேட்டால் வயிறெரிவான்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
அப்போ ஏடிஆர்தான். பாண்டு கடிதத்தை இப்போது படிக்கிறேன். 150,000 வெள்ளி, 48 மாதம், "லைன் ரிலீஸ் தேதியிலிருந்து". முன்னால் போனால் "முழுத் தொகை". இது வழக்கமா?

சுபாங்_15_33:
இரண்டு வரியும் தம்பிக்கு எதிராக இருக்கு அக்கா.

லைன் ரிலீஸ் என்பது வகுப்பு, சிமுலேட்டர், பேஸ் டிரெய்னிங், பயிற்சிக் கேப்டனோடு லைன் செக்டர்கள் எல்லாம் முடித்து, லைன் செக் தேறிய நாள். சிமுலேட்டர் இடம் கிடைக்காமல் நடுவில் 5 மாதம் உட்கார்ந்தால் அந்த 5 மாதமும் பாண்டில் சேராது. 48 என்பது உண்மையில் 53, தாமதம் அவர்களுடையது. பயிற்சி தொடங்கும் தேதியிலிருந்து என்று மாற்றக் கேளுங்கள். மாட்டேன் என்றால், சேர்ந்து இத்தனை மாதத்துக்குள் ரிலீஸ் ஆகாவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்று ஒரு வரி.

"முழுத் தொகை" என்பதுதான் பெரிய கொக்கி. மாதக் கணக்கில் குறைய வேண்டும். 30 மாதம் ஓட்டிவிட்டுப் போனால் மிச்சம் 18 மாதம், 150,000-இல் 48-இல் 18 பங்கு, 56,250 வெள்ளி. இப்போதுள்ள எழுத்துப்படி 47-ஆம் மாதம் போனாலும் 150,000.

கணக்கப்பிள்ளை:
நிறுவனம் ஆளைக் குறைத்தாலோ தளத்தை மூடினாலோ பாண்டு ரத்து என்று இருக்கிறதா? மெடிக்கல் போனால்? முதல் வகுப்பு மெடிக்கல் வருஷா வருஷம். உரிமம் இழப்புக் காப்புறுதி யார் கட்டுகிறார்கள் என்றும் பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
மெடிக்கலுக்கு இருக்கு. ஆள் குறைப்புக்கு இல்லை. காப்புறுதி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. திங்கட்கிழமை கையெழுத்து என்றார்கள்.

சுபாங்_15_33:
அப்போ வெள்ளிக்கிழமைக்குள் இந்த நாலையும் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள், தேதி, மாதக் கழிவு, ஆள் குறைப்பு, காப்புறுதி. போனில் கேட்க வேண்டாம். பினாங்கு தளத்துக்கு மாற்றினால் வீட்டு வாடகை யார் தலையில் என்றும் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.